கல்லூரி இல்லாத காலத்துக் கல்லூரி

ஒரு சமுதாயத்தின் கல்வி வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் பள்ளிக் கட்டடங்களின் வரலாற்றையே எழுதி அமைகின்றனர். எந்த ஆண்டில் எந்தத் தோட்டத்தில் பள்ளி எழுந்தது, எத்தனை பிள்ளைகள் பயின்றனர் என்று கணக்கிடுதல் எளிது. அப்பள்ளியில் நின்று கற்பித்த ஆசிரியர் தாம் இலக்கியத்தை எங்கே கற்றார், எழுதும் கலையை யாரிடம் பழகினார், ஆங்கிலத்தை எவ்வழியாகப் பெற்றார் என்னும் வினாக்களுக்கு விடை காணுதல் அத்துணை எளிதன்று. மலேசியத் தமிழாசிரியரைப் பொறுத்தவரை இம்மூன்று வினாக்களுக்கும் மூன்று வேறு விடைகள் உள்ளன. அவற்றை முறையே ஆராய்ந்து, இன்றைய ஆசிரியர் கல்விக்கு அவை உணர்த்தும் உண்மையைச் சுட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனை எழுதத் தூண்டியது ஒரு தகரப் பெட்டி. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் என் தாயார் கொழுந்து பறித்தார். அத்தோட்டப் பள்ளியில் எனக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர், நான் பயிற்சிக் கல்லூரிக்குப் புறப்பட்ட நாளுக்கு முந்திய மாலையில் என்னை அழைத்து அப்பெட்டியைக் கையில் கொடுத்தார். உள்ளே மஞ்சள் படிந்த நாளிதழ்ப் பக்கங்கள். பாடம் பாடமாக வெட்டி எடுக்கப்பெற்று, சாக்கு தைக்கும் நூலால் தைக்கப்பெற்றிருந்தன. “கல்லூரிக்குப் போகிறாய், தம்பி. நான் படித்த கல்லூரி இதுதான். இதையும் எடுத்துக்கொண்டு போ” என்றார். அச்சொற்களின் பொருள் அன்று எனக்கு முழுமையாக விளங்கவில்லை.

தோட்டத்து ஆசிரியர்

மலாயாவில் தமிழ்க் கல்வி 1816-ஆம் ஆண்டில் பினாங்கு பிரீ பள்ளியில் தொடங்கிய தமிழ் வகுப்போடு தோன்றியதாக வரலாற்றாசிரியர் கூறுவர். ஆயினும் தோட்டந்தோறும் பள்ளிகள் பரவியது இருபதாம் நூற்றாண்டிலேயாம். 1912-இல் கூட்டு மலாய் மாநிலங்களில் இயற்றப்பட்ட தொழிலாளர் சட்டத்தொகுப்பு, ஏழு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் வாழும் தோட்டங்களில் நிருவாகமே பள்ளி நடத்த வழிவகுத்தது. 1923-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை மேலும் வலியுறுத்தியது.

சட்டம் பள்ளியைக் கேட்டது. ஆசிரியரின் தகுதியைப் பற்றி அது பெரிதும் கவலை கொள்ளவில்லை. எனவே கங்காணியோ, கிராணியோ, எழுதப் படிக்கத் தெரிந்த தொழிலாளியோ ஆசிரியராக அமர்ந்தார். ஆறாம் வகுப்பையோ ஏழாம் வகுப்பையோ முடித்தவர் அடுத்த ஆண்டே அதே பள்ளியில் பிரம்பெடுத்து நின்றதும் உண்டு. தொழிலாளர் தோட்டத்தை விட்டு நீங்காதிருக்கப் பள்ளி துணைபுரியும் என்பது நிருவாகங்களின் எண்ணமாக இருந்தது. தமிழ்வழியில் இடைநிலைக் கல்வி இல்லாமையால், ஆறாம் வகுப்புக்கு அப்பால் பாதை அடைபட்டுக் கிடந்தது.

எங்கள் மலையின் கதையும் இதுவே. 1885-இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இம்மேட்டு நிலத்தைக் கண்டறிந்து குறித்தார். 1929-இல் ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். ரப்பர்த் தோட்டங்களில் முன்னரே வேரூன்றிய லயமும் பள்ளியும் கோயிலும் அவற்றின் ஒழுங்குகளும் தேயிலையோடு சேர்ந்து மலையேறின. பின்னாளில் தோட்டங்களின் பெயராலேயே போ, சுங்கை பாலாஸ், புளூ வேலி முதலிய தமிழ்ப்பள்ளிகள் இங்கு நிலைபெற்றன.

தஞ்சோங் மாலிம் காட்டிய வேறுபாடு

தாப்பாவுக்கு இறங்கித் தெற்கே சென்றால் தஞ்சோங் மாலிம் என்னும் ஊர் வரும். அங்கே 1922-இல் மலாய் ஆசிரியர்களுக்கெனச் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி திறக்கப்பட்டது. 1924-இல் அரசின் மொழிபெயர்ப்புப் பணியகமும் அங்கே இடம்பெற்றது. அதற்குத் தலைமை மொழிபெயர்ப்பாளராகச் சென்றவர் ஸாபா எனப் புகழ்பெற்ற ஸைனல் ஆபிடின் பின் அகமது. நாவலாசிரியர் ஹாருன் அமினுர்ரஷீத் அக்கல்லூரியில் ஆசிரியராகப் பணியாற்றினார். 1938-இல் இளைஞர் இயக்கம் கண்ட இப்ராகிம் யாக்கோப் அங்குப் பயின்றவர்.

குடியேற்ற அரசு அக்கல்லூரியை அமைத்தபோது கிராமப் பள்ளிகளுக்கு அடக்கமான ஆசிரியர்களை உருவாக்கவே கருதியது. ஆனால் பயிற்றுமுறையும் இலக்கியமும் எழுத்தும் மொழிபெயர்ப்பும் ஒரே கூரையின்கீழ்க் கூடியதால், அங்கிருந்து ஆசிரியர்களோடு எழுத்தாளர்களும் சிந்தனையாளர்களும் வெளிவந்தனர். இந்நாட்டுக் கல்வி வரலாற்றில் நாம் உற்றுநோக்க வேண்டிய பாடம் இது. கற்பிப்பவன் எழுதவும் எழுதுபவன் கற்பிக்கவும் வாய்ப்புப் பெற்றால் ஒரு மொழி எவ்வளவு விரைவில் வளரும் என்பதற்கு அக்கல்லூரி சான்று.

தமிழாசிரியர்க்கு அத்தகைய கல்லூரி அமையவில்லை. வார இறுதிகளில் நடைபெற்ற ‘நார்மல்’ வகுப்புகளே அவர்களுக்குக் கிட்டிய பயிற்சி. ஐந்து நாள் கற்பித்த களைப்போடு அவர்கள் நகருக்குச் சென்று திரும்பினர். பாடக்குறிப்பு எழுதவும் வகுப்பை நடத்தவும் அங்கே பழகியிருக்கலாம். சிலம்பையும் குறளையும் சுவைக்கவோ, ஒரு கதையைக் கட்டமைக்கவோ அவ்வகுப்புகளில் நேரமேது?

நாளிதழே கல்லூரி

அந்தக் குறையை நிறைத்தவை நாளிதழ்கள். 1924-இல் கோலாலம்பூரில் தோன்றிய ‘தமிழ் நேசன்’, 1935-இல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி தொடங்கிய ‘தமிழ் முரசு’ ஆகிய இரண்டும் செய்தித்தாளுக்குரிய எல்லையைக் கடந்து பணியாற்றின.

1950, 1951 ஆம் ஆண்டுகளில் ‘தமிழ் நேசன்’ இதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ ஒன்றை நடத்தினர். சிறுகதை எழுதும் முறை பாடமாக அச்சாயிற்று. வாசகர் பயிற்சிகளை எழுதி அனுப்பினர். மாணவர் முகம் காணாத வகுப்பு அது. மணியடிக்காது, கட்டணம் கேட்காது, சாதியும் சான்றிதழும் வினவாது. மலேசியச் சிறுகதை வரலாற்றை எழுதுவோர் எவரும் இவ்வகுப்பைக் குறிப்பிடாமல் செல்வதில்லை. போருக்குப் பிந்திய தலைமுறையின் எழுத்தாளர் பலர் இதன்வழி உருவாயினர். ஏறத்தாழ அதே காலத்தில் ‘தமிழ் முரசு’ மாணவர் மணிமன்றத்தின் மூலம் பள்ளிப் பிள்ளைகளை எழுத வைத்தது.

1953-இல் கு. அழகிரிசாமி தமிழகத்திலிருந்து வந்து ‘தமிழ் நேசன்’ ஆசிரியர் குழுவில் பொறுப்பேற்றார். 1957 வரை இந்நாட்டில் இருந்தார். கோலாலம்பூரில் அவர் நடத்திய இலக்கிய வட்டத்தில் கதைகள் படிக்கப்பட்டன, அலசப்பட்டன. எழுதுவதற்கு முன் சுவைக்கக் கற்க வேண்டும், சுவைப்பதற்குத் தயவு தாட்சண்யம் அற்ற அளவுகோல் வேண்டும் என்னும் எண்ணம் அவ்வட்டத்தால் வலுப்பெற்றது. பின்னர் 1970-இல், மறைவுக்குப் பின், அவருடைய ‘அன்பளிப்பு’ தொகுப்புக்குச் சாகித்திய அகாதெமி விருது வழங்கப்பட்டது. அத்தகைய ஒருவர் மலாயாவின் எழுத்தார்வலர்க்கு வழிகாட்டியாக அமைந்தமை நம் நற்பேறு.

என் ஆசிரியர் அளித்த பெட்டியில் இருந்தவை அந்தக் கதை வகுப்பின் பக்கங்களே. அவர் அப்போது இருபது வயது நிரம்பாத தோட்டத்துப் பயிற்சி ஆசிரியர். மலைக்கு நாளிதழ் ஒரு நாள் பிந்தியே வரும். கடைக்காரர் பொட்டலம் மடிக்க எடுக்குமுன் ஓடிச் சென்று வாங்குவார் என்று சொல்லியிருக்கிறார். பக்கங்களுக்கிடையே அவரே எழுதிய பயிற்சிகளின் படிகளும் இருந்தன. ஒன்றின் ஓரத்தில், கதையை எழுதி முடித்த பின் தம்மைத் தாமே திருத்திக்கொண்டு சிவப்பு மையில் எழுதியிருந்தார்: “பனியைப் பற்றி மூன்று பக்கம். கொழுந்துக்காரி எங்கே?” தேயிலை மலையில் பிறந்த எவனுக்கும் இதைவிடச் சிறந்த இலக்கியத் திறனாய்வுப் பாடத்தை எந்தக் கல்லூரியும் தந்துவிட இயலாது.

பல்கலைக்கழகத்தின் வாயில்

எழுத்தைக் கற்பிக்க நாளிதழ் போதும். இலக்கியத்தை ஆழ்ந்து ஆராய நூலகம் வேண்டும், பேராசிரியர் வேண்டும். 1949-இல் சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் தோன்றியது. அதில் இந்திய இயல் துறை அமையவிருந்த வேளையில், முதன்மை வடமொழிக்கா தமிழுக்கா என்னும் வழக்கு எழுந்தது. கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் முழக்கத்தோடு நிதி திரட்டினார். இந்நாட்டு இந்தியருள் பெரும்பான்மையோரின் மொழி தமிழ். ஆதலின் தமிழே அத்துறையின் மொழியாதல் வேண்டும் என்பது அவர் வாதம். பல்கலைக்கழக வாயிலை எட்டிப் பார்த்திராத தொழிலாளரும் சிறு சிறு தொகையாக அந்நிதிக்கு அளித்தனர். பல்கலைக்கழக நூலகத்தில் தமிழ் நூல்கள் சேர அது துணைநின்றது. 1956-இல் இந்திய இயல் துறை செயற்படத் தொடங்கிப் பின்னர் கோலாலம்பூர் வளாகத்துக்கு மாறியது. வேறு எந்நாட்டிலும் கூலித் தொழிலாளரின் பணம் ஒரு பல்கலைக்கழகத் துறையின் மொழியை உறுதிசெய்ய உதவிற்றா என்பது ஆராய்தற்குரியது.

1961-இல் அத்துறைக்குப் பொறுப்பேற்க வந்தார் தனிநாயக அடிகள். 1913-இல் இலங்கையின் ஊர்காவற்றுறையில் பிறந்தவர். ஆங்கிலத்தோடு ஐரோப்பிய மொழிகள் பல கற்று, உரோமில் சமயக் கல்வி பெற்றவர். தமிழ் இலக்கியத்தை அவர் முறையாகக் கற்கத் தலைப்பட்டது தென்பாண்டி நாட்டு வடக்கன்குளத்தில் ஆசிரியராக இருந்த காலத்திலாகும். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் முதுகலை பயின்றார். பழந்தமிழரின் கல்விச் சிந்தனையை இலண்டன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். 1952-இல் அவர் தொடங்கிய ‘தமிழ்ப் பண்பாடு’ என்னும் ஆங்கில முத்திங்களிதழ் தமிழின் சிறப்பை உலக அறிஞர்முன் வைத்தது.

1966 ஏப்ரல் 16 முதல் 23 வரை கோலாலம்பூரில் முதலாம் உலகத் தமிழ் மாநாடு நடைபெற அவரே முதற்காரணர். அதே ஆண்டில், 1679-இல் அச்சான அந்தம் தெ புரோயென்சாவின் தமிழ்-போர்த்துகேய அகராதியையும் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வாயிலாக மீண்டும் பதிப்பித்தார். ஆங்கிலம் அவரைத் தமிழிலிருந்து பிரிக்கவில்லை. தமிழை உலகுக்கு எடுத்துச் செல்லும் வண்டியாக அவருக்கு அது பயன்பட்டது. ஆங்கிலம் கற்றால் தமிழ் கெடும் என்று அஞ்சுவோரும், தமிழ் கற்றால் ஆங்கிலம் வாராது என்று கூறுவோரும் அவர் வாழ்க்கையை ஒருமுறை படித்தல் நன்று.

ஆங்கிலத்தின் வழி

நகரத்து ஆங்கிலப் பள்ளிகளில் பயின்ற தமிழ்ப் பிள்ளைகளுக்கோ வேறொரு பாதை திறந்தது. மலாயா அரசு ஆங்கிலமொழி ஆசிரியர்களை உருவாக்க இங்கிலாந்திலேயே இரு கல்லூரிகளை நடத்தியது. ஒன்று லிவர்பூலை அடுத்த கிர்க்பியிலும், மற்றொன்று வுல்வர்ஹாம்டனை அடுத்த பிரின்ஸ்போர்ட் லாட்ஜிலும் 1950-களில் தொடங்கப்பெற்றன.

பிரின்ஸ்போர்ட் லாட்ஜில் 1962 முதல் 1964 வரை பயின்றவர் கே. எஸ். மணியம். 1942-இல் கெடா மாநிலத்துப் பீடோங்கில் பிறந்த அவர் தமிழ்ப்பள்ளியில் சிறிது காலமே இருந்தார். பின்னர் சுங்கை பட்டாணியில் ஆங்கிலப் பள்ளியில் சேர்ந்தார். தாயகம் திரும்பிக் கெடாவில் ஆசிரியப் பணி புரிந்தார். அதன்பின் மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்று, இளங்கலையும் முதுகலையும் முடித்து, 1997 வரை அங்கேயே ஆங்கிலத் துறையில் விரிவுரையாளராக விளங்கினார். 1981-இல் வெளிவந்த ‘தி ரிட்டர்ன்’ என்னும் அவருடைய ஆங்கில நாவல், தமிழ்க் குடும்பம் ஒன்று இம்மண்ணில் வேர்கொள்ளப் படும் பாட்டைச் சித்திரிப்பது. 2020-இல் அவர் மறைந்தார்.

ஆசிரியப் பயிற்சி, இலக்கியக் கல்வி, படைப்பு ஆகிய மூன்றும் ஒரே மனிதரிடம் இயல்பாகக் கூடின. ஆனால் அவை கூடிய மொழி ஆங்கிலம். இதனால் விளைந்த இழப்பு ஒன்று உண்டு. நம்மவரைப் பற்றி நம்மவர் எழுதிய அந்நாவலைத் தோட்டத்துத் தமிழாசிரியருள் படித்தோர் மிகச் சிலரே. கதை வகுப்பில் உருவானோர் எழுதிய தமிழ்க் கதைகளை ஆங்கில இலக்கிய மாணவர் அறிந்திலர். ஒரே தோட்டத்தைப் பற்றிய இருவகை நூல்கள் இரு வேறு நிலைப்பேழைகளில், ஒன்றையொன்று அறியாமல் உறங்கின.

பிரிந்தவை கூடும் இடம்

விடுதலைக்குப் பின் நிலைமை மாறியது. 1956-ஆம் ஆண்டு ரசாக் அறிக்கையைத் தொடர்ந்து தமிழ்ப்பள்ளிகள் நாட்டின் கல்வி அமைப்புக்குள் வந்தன. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்க்கும் பயிற்சிக் கல்லூரிகளின் கதவு திறந்தது. அக்கல்லூரிகள் பின்னர் ஆசிரியர் கல்விக் கழகங்களாக உயர்ந்து பட்டமும் வழங்குகின்றன. 1922-இல் நமக்கு இடமில்லாதிருந்த தஞ்சோங் மாலிம் கல்லூரி 1997-இல் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமாயிற்று. இன்று அங்கே தமிழும் கற்பிக்கப்படுகிறது. எங்கள் மலையிலிருந்து இறங்கிச் செல்லும் பிள்ளைக்கு இது சிறிய பேறன்று.

எனினும் ஒன்றை ஒளிக்காமல் கூற வேண்டும். நான் பயிற்சிக் கல்லூரியில் பயின்றபோது பாடத்திட்டம் வரையவும், துணைக்கருவி செய்யவும், தேர்வுத்தாள் அமைக்கவும் நன்கு கற்றேன். அவற்றால் இன்றளவும் பயன் பெறுகிறேன். ஆனால் அங்கிருந்த காலம் முழுவதும் “நீ ஒரு கதை எழுது” என்று எவரும் என்னிடம் கேட்கவில்லை. தகரப் பெட்டி கட்டிலுக்கடியில் கிடந்தது. இலக்கியம் பல்கலைக்கழகத்துக்கு உரியது, எழுத்து நாளிதழுக்கு உரியது, ஆங்கிலம் பிறருக்கு உரியது, நமக்கு உரியது பயிற்றுமுறை என்னும் பாகப்பிரிவினை எப்படியோ நிகழ்ந்துவிட்டது.

அதன் விளைவை 2003-இல் கண்டேன். அவ்வாண்டு முதல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. தமிழில் வாய்ப்பாட்டை மடமடவென ஒப்பித்த பிள்ளை, ஆங்கிலத்தில் கேட்டதும் வாய்மூடி நின்றாள். அவளுக்கு விடை தெரியும். எனக்கும் அது தெரியும். இருவர்க்கும் இடையே நின்ற மொழியைக் கடக்கும் பயிற்சி எனக்கு இல்லை. 2009-இல் அக்கொள்கையைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பட்டது. ஆயினும் ஆங்கிலத்தை நன்கு கற்பிக்க வேண்டும் என்னும் கடமை கைவிடப்படவில்லை, கைவிடவும் கூடாது.

இலக்கியத்தின் நிலையும் கவலைக்குரியதே. எஸ்.பி.எம். தேர்வுப் பாடங்கள் பத்துக்குள் அமைய வேண்டும் என்று 2009-இல் வரையறுக்கப்பட்டபோது, தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் விடுபட்டுப் போகுமோ எனச் சமுதாயம் துடித்தெழுந்தது. அவ்விரண்டையும் கூடுதலாக எழுத வழி பிறந்தது. உரிமை கிட்டிற்று. ஆயினும் பல இடைநிலைப் பள்ளிகளில் தமிழ் இலக்கியம் கால அட்டவணையில் இடம்பெறாமல், மாலையிலும் வார இறுதியிலும் ஆர்வமுள்ள ஆசிரியரின் உழைப்பிலேயே நடைபெறுகிறது. தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஆசிரியர் தேடிச் சென்ற வார இறுதி வகுப்பு இன்று மாணவரைத் தேடி வந்துள்ளது!

வார இறுதி வகுப்பை நான் இழிவாகக் கருதவில்லை. இவ்வரலாறு காட்டும் உண்மை யாதெனில், நம் இலக்கியக் கல்வி பெரும்பாலும் அட்டவணைக்கு வெளியேதான் வளர்ந்தது என்பதே. கதை வகுப்பும் இலக்கிய வட்டமும் எந்த அரசாணையாலும் பிறக்கவில்லை. 1980-களில் மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை மாணவர்கள் தொடங்கிய சிறுகதைப் போட்டியும் மாணவர் முயற்சியே. கதவு திறந்த பின்னரும் இம்முயற்சி நின்றுவிடலாகாது. கல்லூரி இல்லாத காலத்தில் ஆசிரியர் எழுத்தைத் தேடி ஓடினார். கல்லூரி வந்த பின் ஆசிரியர் எழுதாமற் போனால், நாம் பெற்றதைவிட இழந்தது பெரிதாகிவிடும்.

ஆகவே ஆசிரிய நண்பர்களையும், நாளை ஆசிரியராகவிருக்கும் மாணவர்களையும் மூன்று வேண்டுகிறேன். ஆண்டுக்கு ஒரு பழந்தமிழ் நூலையேனும் தேர்வுக்கன்றி உங்களுக்கென்றே படியுங்கள். திங்களுக்கு ஒரு பக்கமேனும் சொந்தமாக எழுதி ஒருவரிடம் திருத்தக் கொடுங்கள். நம்மைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்டவற்றைத் தமிழிலும், தமிழில் எழுதப்பட்டவற்றை ஆங்கிலத்திலும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் காட்டுங்கள்.

‘தமிழ் நேசன்’ 2019-இல் நின்றுவிட்டது. என் ஆசிரியரும் இன்றில்லை. தகரப் பெட்டி எங்கள் பள்ளி நூலகத்தில் இருக்கிறது. சனிக்கிழமை காலையில் ஆசிரியர் நால்வரும் முன்னாள் மாணவர் சிலரும் கூடிப் படிக்கிறோம். அண்மையில் எங்கள் பள்ளிக்கு மாற்றலாகி வந்த இளம் ஆசிரியை தம் முதற் கதையைப் படித்தார். முதல் இரண்டு பக்கமும் மலைப்பனியின் அழகு. நான் ஒன்றும் கூறாமல் பெட்டியைத் திறந்து, சிவப்பு மை எழுதிய அந்தத் தாளை அவர்முன் வைத்தேன். படித்துச் சிரித்தார். அடுத்த சனிக்கிழமை அவர் கொண்டுவந்த கதையில் முதல் வரியிலேயே ஒரு கொழுந்துக்காரி, தலையில் கூடையோடு, மழையில் நடந்து வந்தாள்.